பாக்கியவதியை எப்போது அனுப்புவது?

ஐந்தாம் ஜார்ஜ் ராஜாவின் பட்டாபிஷேகத்துக்காகப் பள்ளிக்கூடங்களில் மிட்டாய் கொடுத்தார்களே, அதற்கு மறுவருஷம் நடந்தது இது. ஞானாபரணம் சார்வாள் தாமிரபரணியின் வடகரையில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்துக்கு ஒரே வாத்தியார். அங்கே படிப்பு நாலாம் வகுப்போடு நின்றுவிடும். அதற்குமேல் படிக்கிற பெண்பிள்ளைகள் ஆற்றைத் தாண்டிப் பாளையங்கோட்டைப் போர்டிங்குக்குத்தான் போக வேண்டும். அனுப்பச் சொல்லித் தகப்பன்மாரைப் பிடித்து வைத்துப் பேசுவதில் சார்வாளை மிஞ்ச ஆள் கிடையாது. வயலுக்குப் போகிறவனை வரப்பிலேயே மறித்துவிடுவார். அவர் தலை தெரிந்தால் வாய்க்காலில் இறங்கி மறுகரை ஏறிவிடுகிறவர்களும் உண்டு.

அப்படிப்பட்டவருடைய மகள் பாக்கியவதி, நாலாம் வகுப்பை முடித்துவிட்டு மறுவருஷமும் நாலாம் வகுப்பிலேயே உட்கார்ந்திருந்தாள்.

வெள்ளம் வடியட்டும் என்றார் முதலில். வடிந்தது. கிறிஸ்மஸ் கழியட்டும் என்றார். கழிந்தது. பிறகு வெயில். பிறகு வெயிலில் அவளுக்கு வந்த கட்டி. மகளைச் சும்மா உட்கார வைத்த உறுத்தல் தாங்காமல், சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கும் வேலையை அவளிடம் தள்ளிவிட்டு, அதற்குப் 'பயிற்சி' என்று பெயரும் வைத்தார். இந்தச் சாமர்த்தியத்தில் பாதியைப் பாடம் நடத்துவதில் காட்டியிருந்தால் இன்ஸ்பெக்டர் மெச்சியிருப்பாரே என்று அவருக்கே சிரிப்பு வரும். அவள் இல்லாத வீட்டில் சோறு எப்படி இறங்கும் என்பதுதான் அவருடைய கவலையெல்லாம். அதை யாரிடம் போய்ச் சொல்வது?

ஒருநாள் உள்ளூர் அப்பாத்துரை வந்தார். அவர் மகள் லில்லிக்காகச் சார்வாள் பேசாத பேச்சில்லை.

"சார்வாள், நீங்க ஜெயிச்சிட்டிய. நாளைக்கி லில்லியைப் போர்டிங்ல கொண்டு விடப் போறேன். வண்டியில எடம் கெடக்கு, ஒங்க பிள்ளையையும் ஏத்திவிடுங்க."

"அவளுக்கு இருமல் வே."

அடுக்களையிலிருந்து மனைவி அன்னத்தாய் எட்டிப் பார்த்தாள். "யாருக்கு இருமல்?"

சார்வாள் தானே இருமிக் காட்டினார். முதலில் தான் மட்டும் போய் இடத்தைப் பார்த்து வருவதாகச் சொல்லித் தப்பித்துக்கொண்டார்.

போர்டிங்கில் பிள்ளைகளைச் சேர்ப்பது கிரேஸ் டீச்சர். லில்லியைச் சேர்த்து முடித்ததும் அவர் சார்வாள் பக்கம் திரும்பினார்.

"ஒங்களுக்கும் ஒரு மக இருக்காளாமே. என்ன படிக்கா?"

"நாலாவது."

"போன வருஷம்?"

"நாலாவது."

"அப்போ பரீச்சையில தவறிட்டாளோ?"

இல்லை, நான்தான் அனுப்பவில்லை என்று சொல்ல வாயெடுத்தார். பக்கத்தில் அப்பாத்துரை நின்றார். ஊர்ப் பிள்ளைகளை எல்லாம் அனுப்பச் சொல்லி முழங்கிய வாய், "கொஞ்சம் மந்தம்" என்றது.

திரும்பும்போது வண்டி பாலம் தாண்டி ஊர்ப்பாதையில் இறங்கிய பிறகுதான் அப்பாத்துரை பையக் கேட்டார். "லில்லிக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்ததே பாக்கியவதிதானே, சார்வாள்?"

வீடு வரும்வரை சார்வாள் மாட்டின் வாலையே பார்த்துக்கொண்டு வந்தார்.

வாசலிலேயே மகள் பிடித்துக்கொண்டாள். "என்னை எப்பப்பா சேப்பாவளாம்?"

இன்னொரு பொய்க்குத் தெம்பில்லை. நடந்ததைச் சொல்லிவிட்டார். அழுவாள் என்று நினைத்தார். அவள் முகம் சிவந்தது.

"நானா மந்தம்? அங்கன போயா சொன்னிய?" உள்ளே போய் மரப்பெட்டியை இழுத்துத் துணிகளை அள்ளிப் போட்டாள். "நாளைக்கே போவோம். என்னையக் கேள்வி கேக்கட்டும்."

"நாளைக்கி வண்டி இல்லையே, ஏட்டி."

"நடப்போம்."

"ஒங்களுக்கு இல்லாட்டாலும் பிள்ளைக்கி ரோஷம் இருக்கு. கெளம்புங்க" என்றாள் அன்னத்தாய்.

விடிந்ததும் அப்பாவும் மகளும் நடந்தார்கள். பெட்டி சார்வாள் தலையில். அவரைக் கண்டு வாய்க்காலில் இறங்குகிறவர்கள்கூட அன்று நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

கிரேஸ் டீச்சர் கணக்குக் கொடுத்தார், கதை வாசிக்கச் சொன்னார், சொல்லச் சொல்ல எழுதவும் வைத்தார். பாக்கியவதி எல்லாவற்றையும் முடித்துவிட்டு, இன்னும் என்ன என்பதுபோல் பார்த்தாள். நேராக ஆறாம் வகுப்பில் போட்டார்கள்.

"மந்தம்னு சொன்னியளே?"

"அது என்னையச் சொன்னேன், டீச்சர்."

டீச்சர் சிரித்துவிட்டார். மகள் சிரிக்கவில்லை. பிரியும்போது மட்டும் அவர் விரலைப் பிடித்து, "சாப்பிடாமக் கெடக்காதிய" என்றாள்.

அந்த வாரம் முடிவதற்குள் முறுக்குப் பொட்டலத்தோடு போர்டிங் வாசலில் போய் நின்றார். இன்றைக்குப் பிள்ளைகளைப் பார்க்க விடமாட்டார்கள் என்றார் காவல்காரர். இந்தப் பக்கம் வேறு சோலியாக வந்தேன் என்றார் சார்வாள். கம்பி இடுக்கு வழியே பார்த்தார். மரத்தடியில் லில்லியோடு பாக்கியவதி பாண்டி ஆடிக்கொண்டிருந்தாள். ஒற்றைக் காலில் நொண்டிக் கட்டத்தைத் தாண்டி, கைதட்டிச் சிரித்தாள். கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான். கூப்பிடவில்லை. பொட்டலத்தைக் காவல்காரரிடம் கொடுத்து, பிள்ளையிடம் சேர்க்கச் சொல்லிவிட்டு நடந்தார்.

எந்தப் பிள்ளையிடம் என்று சொல்லாமல் வந்துவிட்டது தோணித்துறையில்தான் நினைவுக்கு வந்தது. திரும்பிப் போகலாமா என்று கொஞ்ச நேரம் நின்றார். பிறகு, யாராவது ஒரு பிள்ளை தின்னட்டும் என்று தோணியில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.