நூற்று அறுபதுக்கு மேல் மைக் கிடையாது

சிலாஸின் இடது கால் பெருவிரல் பத்தே நாளில் ஸ்வர்ணதாரா என்கிளேவ் முழுக்கப் பிரபலமாகிவிட்டது. மனிதர் எழுபத்தொரு வயதுவரை ஒரு குரூப் போட்டோவில்கூடக் கடைசி வரிசையில் பாதி மறைந்து நின்றவர். இப்போது அவர் கால் மட்டும் நூற்று நாற்பது வீட்டு போனிலும் இருந்தது.

வளர்ச்சி அணிக்காரர்கள் அந்தக் காலுக்குக் கீழே, “இந்தக் காயத்துக்கு யார் பொறுப்பு? பட்ஜெட்டைத் தடுத்தவர்கள்!” என்று எழுதியிருந்தார்கள். உரிமை அணிக்காரர்கள் அதே காலுக்குக் கீழே, “மருந்துச் சலுகையைப் பறிக்கிறவர்கள் கண்ணில் இது படவில்லையா?” என்று கேட்டிருந்தார்கள். இரண்டும் ஒரே போட்டோ. நகத்தோரத்து மச்சம் உட்பட.

“என் புருசன் காலை யாரைக் கேட்டுப் போட்டாவ?” என்று டோரிஸ் மூன்றாம் மாடி பால்கனியிலிருந்து கத்தினாள். கீழே இரண்டு அணியைச் சேர்ந்தவர்களும் நின்றிருந்தார்கள். ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

விஷயம் இதுதான். ஏ.எஸ்.ராவ் நகரில் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர்கள் சேர்ந்து கட்டிய குடியிருப்பு அது. பி பிளாக்குக்குக் கீழே ஒரு சின்ன கிளினிக். இரண்டு கட்டில், ஒரு மருந்து அலமாரி, வாரம் இரண்டு நாள் வரும் டாக்டர், தினமும் இருக்கும் பெர்லின் சிஸ்டர். சங்கத்தின் பட்ஜெட் செப்டம்பர் முடிவதற்குள் பாஸ் ஆகாவிட்டால் தண்ணீரும் லிஃப்டும் தவிர மற்றதெல்லாம் நிறுத்தப்படும் என்பது விதி. சங்கத் தலைவரான வளர்ச்சி அணி உமாசங்கர், முதலில் பட்ஜெட்டுக்குக் கை தூக்குங்கள், அதில் வெட்டிய மருந்துச் சலுகையைப் பிறகு பேசுவோம் என்றார். எதிரணியான உரிமை அணியின் தலைவர் கிருஷ்ணகுமார், முதலில் சலுகை, பிறகு கை என்றார். இரண்டு கையும் தூக்கப்படாமல் அக்டோபர் பிறந்தது. கிளினிக் மூடியது.

மூடியதோடு விட்டார்களா? வளர்ச்சி அணி ஒரு பூட்டுப் போட்டு, “எதிரணியால் மூடப்பட்டது” என்று காகிதம் ஒட்டியது. மறுநாள் காலை உரிமை அணி அதற்கு மேலே இன்னொரு பூட்டுப் போட்டு, “தலைவரால் மூடப்பட்டது” என்று பெரிய காகிதம் ஒட்டியது. திறப்பதற்குப் போடாத போட்டியைப் பூட்டுவதற்குப் போட்டார்கள், பாவிகள்.

சிலாஸுக்கு இருபது வருடச் சர்க்கரை. பெருவிரலில் புண். தினமும் ஒரே கை பார்த்துக் கட்ட வேண்டிய கட்டு. பெர்லின் சிஸ்டர் இரண்டு மாதமாகக் கட்டி, புண்ணைப் பாதியாகக் குறைத்து வைத்திருந்தாள். கிளினிக் மூடிய அன்றே அவள் தானாக மாடியேறி வந்து கட்டிவிட்டுத்தான் போனாள். யாரோ படியில் போட்டோ எடுத்து, “சம்பளமில்லா விடுப்பில் இருக்கும் நர்ஸ் எந்த அணிக்காக உழைக்கிறார்?” என்று போட்டுவிட்டார்கள். விடுப்பு முடியும்வரை குடியிருப்புக்குள் யாரையும் தொடக்கூடாது என்று அவளுக்குச் சங்கத்திலிருந்து கடிதம் போயிற்று. அவள் மௌலா அலியில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

டோரிஸ் சிலாஸை ஆட்டோவில் ஏற்றி ஒரு தனியார் நர்சிங் ஹோமுக்குக் கொண்டுபோனாள். அவர்கள் இருந்த பி பிளாக்கில் மட்டும் லிஃப்ட் கிடையாது. மூன்று மாடி இறங்கியதில் கட்டு ரத்தமாகிவிட்டது. மூன்று மணி நேரம் உட்காரவைத்த பிறகு அங்கிருந்த டாக்டர் விரலைப் பார்த்துவிட்டு, “திங்கட்கிழமை வாங்க. அதுக்குள்ள உணர்ச்சி திரும்பலேன்னா விரலை எடுத்துரலாம்” என்றார், ஏதோ சட்டைப் பித்தானைச் சொல்வதுபோல.

அன்றிலிருந்து டோரிஸே கட்டினாள். குனிந்தால் தலை வேறு சுற்றியது. அவளுடைய பிரஷர் மாத்திரையும் அந்தக் கிளினிக் அலமாரியில்தான். கையிலிருந்த அட்டை நாலாம் நாளே தீர்ந்துவிட்டது. வெளியே வாங்கச் சீட்டு வேண்டும், சீட்டும் பூட்டுக்குள். ஒரு வாரம் போடாவிட்டால் என்ன குடியா முழுகிவிடும் என்று விட்டுவிட்டாள். சிலாஸிடம் சொல்லவில்லை. சொன்னால் அந்த மனுசன் தன் விரலை மறந்துவிட்டு இவளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அவசரப் பொதுக்குழு என்று அறிவிப்பு வந்தது. அதைப் படித்ததும் டோரிஸுக்கு ஒன்று நினைவுக்கு வந்தது, சிரிப்பும் வந்தது.

“என்னத்துக்கு சிரிக்கே?” என்றார் சிலாஸ்.

“நீங்க பன்னெண்டு வருசத்துக்கு முன்னால மைக்கோட விழுந்தீயளே, அதை நெனச்சேன்.”

தண்ணீர்த் தொட்டி விவகாரத்தில் ஆவேசமாகப் பேசிக்கொண்டிருந்த சிலாஸ் அன்று மைக்கைப் பிடித்தபடியே சாய்ந்துவிட்டார். பிரஷர் இருநூறு. அதற்குப் பிறகு அவர் எந்தக் கூட்டத்திலும் வாயைத் திறந்ததில்லை. ஆனால் சங்கத்துக்கு ஒரு விதி கிடைத்தது: பொதுக்குழுவில் பேச விரும்புகிறவர் முதலில் பிரஷர் பார்த்துக்கொள்ள வேண்டும், மேல் எண் நூற்று அறுபதைத் தாண்டினால் மைக் கிடையாது. ஒருமுறை கிருஷ்ணகுமார் தன் வீட்டு மிஷினைக் கொண்டுவந்தார். அது அவருக்கும் நூற்றிருபது காட்டியது, வாட்ச்மேனுக்கும் நூற்றிருபது காட்டியது, யாரோ நாற்காலிக் கையில் சுற்றிப் பார்த்தபோது அதற்கும் நூற்றிருபது காட்டியது. அதிலிருந்து கிளினிக் மிஷின்தான், கிளினிக் நர்ஸ்தான் என்றும் சேர்த்து எழுதிவிட்டார்கள். பேச ஆசைப்படுகிறவர்கள் சனிக்கிழமையே ஊறுகாயை நிறுத்துவது இந்தக் குடியிருப்பின் வழக்கம்.

சனிக்கிழமை சாயங்காலம் டோரிஸ் இரண்டு தலைவர்களுக்கும் தனித்தனியாகப் போன் போட்டாள். “நாளைக்கு எங்க வீட்டுக்காரரைக் கீழே கொண்டுவரணும். உங்க ஆள் ஒருத்தரை அனுப்புனா, போட்டோ எடுத்துக்கிட்டாலும் நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்” என்றாள். இரண்டு பேருமே, “ஒருத்தர் என்ன, நாலு பேர் வருவாங்க” என்றார்கள். மூன்றாவது போன் மௌலா அலிக்கு.

ஞாயிறு காலை எட்டுப் பேர் வந்தார்கள். சிலாஸ் சாப்பாட்டு மேஜை நாற்காலியில் சப்பரம்போல இறங்கினார். ஒவ்வொரு படித்திருப்பத்திலும் போட்டோ. “மெதுவா, மெதுவா! அது கால், கொடிக்கம்பம் இல்ல!” என்று டோரிஸ் பின்னாலேயே வந்தாள்.

பந்தலில் உமாசங்கர் மைக்கைத் தட்டி, “பெரியோர்களே” என்று ஆரம்பித்தார்.

“ஒரு நிமிசம் சார்” என்று டோரிஸ் எழுந்தாள். “பிரஷர் பாத்தாச்சா?”

“மேடம், இது அவசரக் கூட்டம்.”

“அவசரத்துலதான சார் பிரஷர் ஏறும்?”

பின்வரிசையில் சிரித்தார்கள். கிருஷ்ணகுமார் துள்ளி எழுந்து, “கரெக்ட்! விதியை மீறக்கூடாது! தலைவர் முதல்ல பாத்துக்கணும்!” என்றார்.

“நீங்களும்தான்” என்றார் உமாசங்கர்.

“தாராளமா!”

“மிஷின் எங்க இருக்கு?” என்று டோரிஸ் ஒன்றும் தெரியாதவள்போலக் கேட்டாள்.

எல்லோரும் கிளினிக் கதவைப் பார்த்தார்கள். இரண்டு பூட்டும் வெயிலில் பளபளத்தன. சாவி தராவிட்டால், எதிரி பிரஷருக்குப் பயந்துவிட்டான் என்று நாளைக்கு மெசேஜ் வரும் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். உமாசங்கர் தன் சாவியை எடுத்தார். கிருஷ்ணகுமார் அதைவிட வேகமாக எடுத்தார். பெர்லின் சிஸ்டர் வெள்ளைக் கோட்டோடு கேட் பக்கமிருந்து வந்தாள். அவள் எப்படி அந்த நேரத்துக்கு அங்கே வந்தாள் என்றோ, யாரையும் தொடக்கூடாது என்ற கடிதம் என்ன ஆயிற்று என்றோ ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

“அங்கிளை உள்ளே கொண்டுபோய்க் கட்டில்ல படுக்க வைங்க. லைன் முடிஞ்சதும் பாக்குறேன்” என்றாள் பெர்லின்.

உமாசங்கருக்கு நூற்று எழுபத்திரண்டு. “மிஷின் பழசு” என்றார். கிருஷ்ணகுமாருக்கு நூற்று எழுபத்தாறு. “என்னைவிட நாலு கம்மிதானே அவருக்கு?” என்று அதையும் ஒரு குறையாகச் சொன்னார். இரண்டு அணிச் செயலாளர்கள், துணைச் செயலாளர்கள், மெசேஜ் எழுதுகிறவர்கள் எல்லோருக்கும் அப்படித்தான். பன்னிரண்டு நாளாக ராத்திரி பகலாகப் போனில் அடித்துக்கொண்டவர்களுக்கு வேறு எப்படி இருக்கும்? வரிசையில் வந்த ஒவ்வொருவரும் ஒரு எண்ணை வாங்கிக்கொண்டு ஊமையாகப் போய் உட்கார்ந்தார்கள்.

டோரிஸ் ஒரு காகிதத்தில் தீர்மானத்தை எழுதி பைபிள் உறைக்குள் வைத்திருந்தாள். பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு அந்த வீட்டிலிருந்து ஒருவர் மைக்கைப் பிடிக்கப்போகிறார். கையை நீட்டினாள். பெர்லின் பட்டையைச் சுற்றி அமுக்கினாள். எண்ணைப் பார்த்தாள். இன்னொரு தடவை அமுக்கினாள்.

“நூத்தி எண்பத்தெட்டு” என்று மெதுவாகச் சொன்னாள். “நீங்க பேசக்கூடாது ஆன்ட்டி.”

டோரிஸுக்கு அழுகை முட்டியது. நாளை திங்கட்கிழமை. தான் போட்ட வலையில் தானே விழுந்தாயிற்று. திரும்பிப் பார்த்தாள். அவளுக்கு அடுத்து நின்றவள் உமாசங்கரின் மனைவி சாவித்ரி. அவளுக்குப் பின்னால் கிருஷ்ணகுமாரின் மனைவி வசந்தி. கணவன்மார் பேசிக்கொள்ளாத அந்தப் பன்னிரண்டு நாளும் இவர்கள் இரண்டு பேரும் காலையில் ஒன்றாக வாக்கிங் போய்க்கொண்டுதான் இருந்தார்கள். அணிகளின் குரூப்புகளை இருவரும் எப்போதோ மியூட்டில் போட்டுவிட்டார்கள்.

சாவித்ரிக்கு நூற்றுப் பதினெட்டு. வசந்திக்கு நூற்று இருபத்தி நாலு.

டோரிஸ் பேசவில்லை, விதி விதிதான். காகிதத்தைச் சாவித்ரியின் கையில் வைத்தாள். சாவித்ரி படித்தாள். கணவரைப் பார்த்தாள். மறுபடியும் காகிதத்தைப் படித்தாள். பிறகு நேராகப் போய் மைக்கை எடுத்தாள்.

“போன வருஷ பட்ஜெட்டே மார்ச் வரைக்கும் தொடரட்டும். மருந்துச் சலுகையும் அப்படியே இருக்கட்டும். கிளினிக் இன்னிலேருந்து திறந்திருக்கணும். உகாதிக்கு அப்புறம் எல்லாரும் ஆற அமரச் சண்டை போட்டுக்கலாம். இது தீர்மானம். நான் முன்மொழியறேன்.”

“நான் வழிமொழியறேன்” என்றாள் வசந்தி, மைக் கைக்கு வருவதற்கு முன்பே.

கிருஷ்ணகுமார் எழுந்தார். “நக்கோ, நக்கோ! வேணாம்! இதுல ஒரு பாயின்ட் ஆஃப்...”

“நூத்தி எழுபத்தாறு சார்” என்றாள் பெர்லின் வாசலிலிருந்து. “உக்காருங்க.”

உமாசங்கர் வாயைத் திறந்தார். சாவித்ரி பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார். கை தூக்குவதற்கு மட்டும் பிரஷர் விதி கிடையாது. நூற்றுப் பதினொரு கை எழுந்தது. பன்னிரண்டு நாள் சண்டை ஐந்து நிமிடத்தில் முடிந்தது.

டோரிஸ் உள்ளே ஓடினாள். பெர்லின் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தாள். உள் துணி ஒட்டியிருந்தது. உப்புநீர் விட்டு நனைத்து நனைத்து எடுத்தாள். விரல் ஒருபக்கம் கறுத்திருந்தது. பெர்லின் விரல் நுனியிலிருந்து சுத்தம் செய்ய ஆரம்பித்தாள். டோரிஸ் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

“தெரியுதா அங்கிள்?”

“இல்லம்மா.”

“இங்க?”

“இல்ல.”

பெர்லின் நகத்தோரம் மச்சத்துக்குப் பக்கத்தில் பஞ்சை வைத்து அழுத்தினாள்.

“ஐயோ! அம்மா!” சிலாஸ் போட்ட அலறல் பந்தல்வரை கேட்டது.

“வலிக்குதா?” டோரிஸ் அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள். “நெசமா வலிக்குதா?”

“உயிரே போகுதுடி!”

“ஸ்தோத்திரம்!” என்று டோரிஸ் அங்கேயே உட்கார்ந்து அழுதாள். புருசன் வலியில் கத்தியதற்கு இவ்வளவு சந்தோஷப்பட்ட பெண்சாதியை அந்தக் கிளினிக் கண்டிருக்காது.

“விரல் உசிரோடதான் இருக்கு” என்றாள் பெர்லின். “தினமும் கட்டினா காப்பாத்திரலாம். நாளைக்கு எங்கயும் வெட்டப் போகவேணாம். சாயங்காலம் நம்ம டாக்டர்கிட்டயும் காட்டிருவோம்.” கட்டை முடித்துக் கையைக் கழுவிக்கொண்டு திரும்பினாள். “ஆன்ட்டி, நூத்தி எண்பத்தெட்டு ஏன் வந்துச்சு? மாத்திரை போடுறீங்கல்ல?”

டோரிஸ் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். “அது... தீந்துபோச்சு.”

“எப்போ?”

“மூடுன நாலாம் நாள்.”

பெர்லின் அலமாரியைத் திறந்தாள். சிலாஸ் முழங்கையை ஊன்றி எழுந்தார். அலறலும் இரண்டொரு பதிலும் தவிர அன்று அவர் வாயிலிருந்து எதுவும் வரவில்லை. இப்போது வந்தது.

“என் விரலைப் பத்தி ரெண்டு அணியும் பேசினாவ, காலனி பூராவும் பேசினாவ. உன்னைப் பத்தி நீ என்கிட்டகூட ஒரு வார்த்தை சொல்லலையே டோரிஸ்.”

டோரிஸ் முந்தானையை மறுபடியும் மூக்குக்குக் கொண்டுபோனாள்.

“அந்தக் கட்டில்ல படு” என்றார். பக்கத்துக் கட்டிலைக் காட்டினார். “படுன்னா படு.”

படுத்தாள். பெர்லின் மாத்திரையும் தண்ணீரும் கொடுத்துவிட்டு, நோட்டைத் திறந்து புதுத் தேதி போட்டு, அதன் கீழே முதல் பெயராக டோரிஸ் என்று எழுதினாள். மேஜைமேல் இருந்த டோரிஸின் போன் இரண்டு தடவை சிணுங்கியது. திறந்த கிளினிக்கின் போட்டோவோடு, “நமக்கு வெற்றி” என்று ஒரு அணி. அதே போட்டோவோடு, “நமக்கே வெற்றி” என்று இன்னொரு அணி.

“என்ன போட்டிருக்காவ?” என்று டோரிஸ் எழப்போனாள்.

“ஆன்ட்டி, அரைமணி நேரம் பேசக்கூடாது” என்றாள் பெர்லின்.

சிலாஸ் கையை நீட்டிப் போனை எடுத்து அணைத்துத் தன் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார். பிறகு இரண்டு கட்டிலுக்கும் நடுவே அதே கையை நீட்டினார். டோரிஸ் பிடித்துக்கொண்டாள்.