பயந்தால் சுருங்கும் மனை

ஆலந்துறைப்பட்டில் மனை வாங்கியவர் பயந்தால் அந்த மனை சுருங்கும். எல்லைக் கற்கள் நான்கும் உள்ளே நகர்ந்து வரும். விட்டுப்போன இடம் பக்கத்து மனைக்காரரைச் சேரும். இதற்காக யாரும் கோர்ட்டுக்குப் போவதில்லை. மழை பெய்தால் சேறாவது போல இதுவும் மண்ணின் குணம், அவ்வளவுதான்.

பூவராகன் சர்க்கரை ஆலை எடைமேடையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கைக்கு வந்ததை எல்லாம் பூங்காவனம் நகரில் ஒரு மனையில் போட்டார். பத்திரத்தை வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோது மனிதர் ராஜா மாதிரிதான் நடந்தார். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது, அவசரப்பட்டுவிட்டோமோ என்று ஒரு நினைப்பு வந்தது. மறுநாள் போய்ப் பார்த்தால் தெற்குக் கல் ஒரு முழம் உள்ளே வந்து நின்றது. பக்கத்து மனைக்காரர் அந்த இடத்தில் தன் ஆட்டைக் கட்டிவிட்டு, "வாங்க சார், வாங்க" என்று வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்து இவருக்கு இன்னும் கொஞ்சம் பயம் வந்தது. கிழக்குக் கல்லும் கிளம்பியது.

மனையை முடித்துக் கொடுத்த தரகர் தணிகாசலம் வந்து நிதானமாகச் சொன்னார்.

"பயம் வரத்தான் சார் செய்யும். அதை நீங்களே வெச்சிக்கிட்டு உக்காந்தா எப்படி? மனை இல்லாத ஆளாப் பாத்துக் குடுத்துடுங்க. தைரியம் தானா வரும்."

"யாருகிட்ட குடுக்கிறது?"

"எல்லாரும் வீட்டம்மாகிட்டதான் குடுக்கிறாங்க."

பயத்தைக் கொடுக்க ஒரு முறை உண்டு. அதைக் காதில் சொல்லிவிட்டு வாய் கொப்பளிக்க வேண்டும். மனைவி அம்சவேணி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பூவராகன் குனிந்து அவள் காதில், "போர் போட்டா உப்புத் தண்ணி வந்துட்டா?" என்றார். கொல்லைக்குப் போய்க் கொப்பளித்துவிட்டு வந்தார். "வேற ஏதாச்சும் இருக்குதா?" என்று அவள் கேட்டாள். ரோடு வராமல் போய்விடுமோ என்பதையும் கொடுத்தார். அன்று மத்தியானம் அவருக்கு நல்ல பசி.

கற்கள் பழைய இடத்துக்கே திரும்பின. அதையும் தாண்டிப் போயின. இப்போது பக்கத்து மனைக்காரர்தான் பயந்துகொண்டிருந்தார். பாவம், அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை.

பூவராகன் இரண்டாவது மனை வாங்கினார், மூன்றாவதும் வாங்கினார். ஒவ்வொன்றுக்கும் புதிது புதிதாகப் பயம் வந்தது. வந்ததும் போய்க் கொப்பளித்தார். துணிச்சல்காரர் என்று பெயரெடுத்தார். சட்டை தோளில் இறுகியது, நிலைப்படி தலையில் இடித்தது. "தைரியம் வந்தா ஆளு பெருக்கத்தான் சார் செய்வாங்க" என்று டெய்லர் புது அளவு எடுத்தார்.

அம்சவேணிக்கு மனை ஏதும் இல்லை. பயம் எதையாவது சுருக்கியாக வேண்டும், அவளைச் சுருக்கியது. முதலில் ரவிக்கை தொளதொளத்தது. பிறகு அடுப்பு எட்டவில்லை, முக்காலி போட்டு ஏறினாள். ஒருநாள் சாப்பாட்டு மேஜைக்கு அடியில் தலை குனியாமல் நடந்து வந்து நின்றாள்.

"என்னங்க, அந்த உப்புத் தண்ணி ரொம்பக் கனக்குது."

இதைக் கேட்டு பூவராகன் பதறியிருக்க வேண்டும். பதறலாம் என்று தனக்குள் தேடிப் பார்த்தார். ஒரு பொட்டுப் பயம் கிடைக்கவில்லை. அவளிடம் அவருக்கு உயிர். ஆனால் அவளை நினைத்துப் பயப்படுவதற்கும் கையில் பயம் வேண்டுமே. அழுகை வந்தது. தரையில் உட்கார்ந்து நன்றாக அழுதார்.

"எல்லாத்தையும் திருப்பிக் குடு வேணி. நானே வெச்சிக்கிறேன்."

"மூணு மனையும் போயிடுமுங்க."

"போவட்டும்."

தரையில் படுத்துக் காதைக் காட்டினார். குத்துவிளக்கு உயரத்துக்கு இருந்த அம்சவேணி ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டு, பாட்டில் மூடியில் தண்ணீர் எடுத்து வாய் கொப்பளித்தாள். கடைசிச் சொல் காதில் விழுந்ததும் பூவராகனுக்கு வியர்த்துக் கொட்டியது. உப்புத் தண்ணீரை நினைத்துப் பயந்தார், ரோட்டை நினைத்துப் பயந்தார், எல்லாவற்றையும்விட அவளை நினைத்துப் பயந்தார். அன்று பூங்காவனம் நகரில் கற்கள் ஓடிய சத்தம் கடைத்தெரு வரைக்கும் கேட்டதாம்.

அவருக்கு மனை இருந்ததால் பயம் முதலில் அதைத்தான் சுருக்கியது. அம்சவேணி குத்துவிளக்கு உயரத்திலேயே இருந்தாள்.

சாயங்காலம் தணிகாசலம் ஸ்கூட்டரில் வந்தார். இரண்டு மனை முழுசாகப் போய்விட்டது. மூன்றாவதில் மிஞ்சியதை ஒரு தாம்பாளத்தில் வைத்துக் கொண்டுவந்திருந்தார். லே-அவுட்டில் கிடந்தால் கோழி கிளறிவிடும் என்றார். கூடத்தில் பூவராகனின் காலடியில் அதைக் கவிழ்த்து, நான்கு மூலையிலும் கல்லை நட்டார். நட்ட உடனே கற்கள் உள்ளே நகர ஆரம்பித்தன.

"வேணி பேருக்கு மாத்துங்க! சீக்கிரம் மாத்துங்க!" என்று பூவராகன் கத்தினார்.

தணிகாசலம் பையிலிருந்து பத்திரத்தாளை எடுத்து எழுதினார். கற்கள் நின்றன.

அம்சவேணி கல்லைத் தாண்டித் தன் மனைக்குள் போனாள். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் நடந்து பார்த்தாள். ஒரு பிடி மண்ணை எடுத்து முகர்ந்தாள். அவள் முகத்தில் இத்தனை தெளிவைப் பார்த்துப் பல வருடங்கள் ஆகியிருந்தன, பூவராகனுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு தெற்கே திரும்பினாள். அங்கே அவருடைய வலது பாதம் இருந்தது.

"தெக்கால இருக்கிறது யாரு எடம்?"

"உங்க வீட்டுக்காரருதும்மா" என்றார் தணிகாசலம்.

"பயந்த ஆளா?"

"ஆமாம்மா. இப்ப எல்லாப் பயமும் அவருகிட்டதான் இருக்குது."

"அப்ப வெலை பேச வேணாம்" என்றாள் அம்சவேணி.

பூவராகன் அசையாமல் நின்றார். தெற்குக் கல் மெதுவாக நகர்ந்து வந்து அவருடைய கட்டைவிரலைத் தாண்டி நின்றது.