ஒன்பது மணிக்கு வந்த போன்

வெர்டெல் ஹேர்ஸ்டன் பாடியவை நாற்பது பாட்டுக்கு மேல். ஜனங்களுக்கு வேண்டியதோ ஒன்றே ஒன்று: 'உன் தொப்பி இன்னும் ஆணியில'. அதுவும் முழுசாக வேண்டாம். மூன்றாவது சரணத்தில் 'ஆணியில' என்னும்போது அவள் குரல் உடைந்து ஒரு விசும்பல் வரும், அது போதும். சிகாகோவின் தென்பகுதியில் முடிவெட்டுகிறவன்கூட அதைச் செய்து காட்டுவான். இப்போது அவள் ஓட்டுகிற பள்ளிக்கூட பஸ்ஸில் ஏறும் வாண்டுகள், "வெர்டெல் அத்தே, அந்த அழுகைய அழுங்க" என்று நச்சரிக்கும். அவளும் அழுது காட்டுவாள். வேறென்ன செய்வாள்?

அந்த விசும்பல் நடிப்பில்லை. 1964 நவம்பரில், ஒலிப்பதிவுக் கூடத்தில் பத்துமுறை பாடியும் கம்பெனி முதலாளி ஆர்லன் பாய்கினுக்கு மனசு நிறையவில்லை. மத்தியானம் இரண்டரைக்குக் கண்ணாடி அறையிலிருந்து இறங்கி வந்தார்.

"பாப்பா, இப்பதான் போன் வந்துச்சு. உங்கம்மா போயிட்டாங்க. மனசைத் தேத்திக்க. அவங்களுக்காக ஒரே ஒரு தடவை பாடிட்டுக் கெளம்பு."

இருபத்திரண்டு வயசு. முதலாளி சொன்னால் பாடத்தானே வேண்டும்? பாடினாள். இசைத்தட்டில் இருப்பது அதுதான்.

அம்மா இருந்த கேரி ஊருக்கு ரயிலில் ஒரு மணி நேரம். வாசலிலேயே அண்ணன் ஆமோஸ் மறித்துக்கொண்டான். இரும்பு ஆலைத் தொழிலாளி, வாட்டசாட்டமான ஆள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"காலையில ஒன்பது மணிக்கே போன் பண்ணிச் சொன்னேனேடி! உன் பேரையே சொல்லிச் சொல்லி பன்னெண்டு மணிக்குத்தான் உயிர் போச்சு. பாட்டு அவ்வளவு பெருசாப் போச்சா உனக்கு?"

"சத்தியமா எனக்கு ரெண்டரைக்குத்தான்ணே சொன்னாங்க."

"பொய் சொல்லாத. அம்மா உள்ள கெடக்குறா."

அன்றோடு பேச்சு நின்றது. இருபத்தோரு வருஷம். பாய்கினிடம் எத்தனையோ முறை கேட்டுப் பார்த்தாள். "எத்தனையோ போன் வரும் பாப்பா, எனக்கென்ன ஞாபகமா இருக்கு?" என்று சிரித்தே மழுப்பிவிடுவார்.

அதனால்தான் அவருடைய எழுபதாவது பிறந்தநாள் விருந்தில் பாடக் கூப்பிட்டபோது சரியென்றாள். ஆமோஸுக்கு இரண்டு அழைப்புச் சீட்டு அனுப்பினாள். 'ஒரே ஒரு தடவை வாண்ணே. உன் முன்னால வச்சே அந்தாளைக் கேக்குறேன்' என்று கடுதாசியும் எழுதினாள். பதிலில்லை.

ஞாயிற்றுக்கிழமை, தேவாலயம் விட்ட கையோடு ஓட்டல் கூடத்தில் நானூறு பேர். தொப்பிகளும் கோழி வறுவலும் சிரிப்புமாக ஒரே அமர்க்களம். மூன்றாவது மேசையில் மட்டும் இரண்டு நாற்காலி காலி. வெர்டெல் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாய்கின் மைக்கைப் பிடித்தார். யாரும் கேட்கவே இல்லை. தானாகவே சொன்னார், பாவி மனுஷன்.

"அந்த அழுகைய எப்படிய்யா வாங்குனேன்னு எல்லாரும் கேக்குறாங்க. எழுபதாச்சு, இனிமே யாரு என்னை என்ன பண்றது? காலையில ஒன்பது மணிக்கு கேரியிலேருந்து போன். அம்மா சீரியஸு, பொண்ணைத் தேடுதுன்னு. சொன்னா பொண்ணும் போயிரும், பாட்டும் போயிரும். பன்னெண்டரைக்கு மறுபடியும் போன், முடிஞ்சிருச்சுன்னு. அதையும் பையில போட்டுக்கிட்டேன். தொண்டை நல்லாச் சூடேறட்டும்னு ரெண்டரை வரைக்கும் பொறுத்தேன் பாருங்க... கர்த்தர் குடுத்த பாட்டுய்யா அது!"

"ஆமென்!" என்றது ஒரு குரல். கூடம் சிரித்தது. கைதட்டல் காதைப் பிளந்தது.

 வெர்டெல் இருபத்தோரு வருஷம் கெஞ்சிக் கேட்ட உண்மை, கேட்க வேண்டிய ஒரே ஆள் இல்லாத இடத்தில் வேடிக்கைக் கதையாக வந்து விழுந்துவிட்டது.

அந்த ஒலிப்பதிவில் டிரம்ஸ் அடித்த கிளியோடிஸ், இன்றைக்கும் மேடையில் அவள் பின்னால்தான் உட்கார்ந்திருந்தான். "வெர்டி, எனக்கு இது தெரியாது, சத்தியமா. வேணாம்னு சொல்லு, குச்சியக் கீழ போட்டுர்றேன்."

"நீ அடி," என்றாள். அந்த விசும்பல் வரும் இடத்தில் வாயை இறுக மூடிக்கொள்ள வேண்டும், அந்தாள் காசாக்கிய என் அம்மா சாவு இன்றைக்கு அவன் காதில் விழக் கூடாது, அவ்வளவுதான் அவள் நினைப்பு.

இரண்டு சரணம் பாடினாள். மூன்றாவதில், 'உன் தொப்பி இன்னும்' என்று நிறுத்தி உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

நானூறு பேரும் ஒரே குரலில் விசும்பினார்கள். இழுத்து, உடைத்து, இம்மி பிசகாமல், சிரித்துக்கொண்டே. பாய்கின் முள்கரண்டியை ஆட்டித் தாளம் போட்டார். வெர்டெல் மைக்கை அதன் கம்பியில் மாட்டிவிட்டு இறங்கி நடந்தாள்.

ஓட்டல் வாசலில் இருந்த போனில் கேரிக்குச் சுழற்றினாள். ஆமோஸே எடுத்தான்.

"அண்ணே, வச்சிராத. அவனே சொல்லிட்டான், மேடையில, நானூறு பேரு முன்னால. ஒன்பது மணிக்கே உன் போன் வந்துச்சாம். மறைச்சிட்டானாம். நான் பொய் சொல்லலண்ணே."

 "வெர்டி..." என்றான் ஆமோஸ் தழுதழுத்து. அந்தப் பேரை அவன் வாயால் கேட்டு எத்தனை காலம்! சுவரில் சாய்ந்து ஓவென்று அழுதாள்.

"அத்தனை பேரு முன்னாலயுமா சொன்னான்?"

"ஆமாண்ணே."

"சிரிச்சாங்களா?"

"சிரிச்சாங்க."



"நீ என்ன பண்ணுனே?"

 கூடத்துக் கதவு திறந்து திறந்து மூடியது. உள்ளே இன்னும் அதே பாட்டைத்தான் வாசித்துக்கொண்டிருந்தார்கள்; போனுக்குள்ளும் அது போயிருக்கும்.

"அவன் சொன்னதக் கேட்டுட்டும் பாடுனியா வெர்டி?"

"பாதிதாண்ணே பாடுனேன்," என்றாள்.

அதற்குள் ஆமோஸ் போனை வைத்துவிட்டிருந்தான்.