ஒன்பதாவது வரி

காலை ஏழு மணிக்குக் கம்ப்யூட்டரைத் திறந்த ஹில்டா, சுவரில் மாலை போட்டிருந்த கணவர் லியோனார்டின் படத்துக்கு ஒரு டோஸ் விட்டாள்.

"முப்பது வருஷம் துறைமுகத்துல கிரேன் ஓட்டினே, ஒரு கயிறு அறுந்ததில்ல. இதுல போய்த் தப்புப் பண்ணி வச்சிருக்கியே கிழவா!"

பிப்ரவரியில் போய்ச் சேர்ந்த மனுஷன், அதற்கு முந்தின நாலு மாதம் படுக்கையில் கிடந்தபடியே செய்துவைத்த வேலை அது. கம்ப்யூட்டரில் கட்டளை தட்டும் கறுப்பு ஜன்னலைத் திறந்ததும் தானாக ஓடும் கோப்பு ஒன்று. அதில் வருஷத்தின் ஒவ்வொரு தேதிக்கும் ஒரு வரி. அன்றைக்கு உரியது மட்டும் திரையில் வரும். 'கேஸ் புக் பண்ணு.' 'நெத்திலி வேணும்னா காசிமேட்டுக்கு விடியறதுக்குள்ள போ.' 'மோட்டாரை நிறுத்து.' இந்த மோட்டார் மட்டும் இதுவரை பத்துத் தடவை வந்துவிட்டது.

கோப்பைத் திறந்து அவள் படித்ததில்லை. மொத்தமாகப் படித்துவிட்டால் நாளைக்கு என்று என்ன மிஞ்சும்?

நேற்று அவர் பிறந்தநாள். திரையில் ஒன்றும் வரவில்லை. மற்ற எல்லாத் தேதிக்கும் எழுதியவர் தன் தேதியை விட்டுவிட்டிருந்தார். ஹில்டா விடுவாளா? துறைமுக அலுவலகத்தில் டைப் அடித்த கை. கோயில் காலண்டரால் திரையின் கீழ்ப்பாதியை மறைத்துக்கொண்டு, கம்ப்யூட்டருக்கான முதல் ஏழு வரிக் கட்டளைக்குக் கீழே, பட்டியலின் தலையில், எட்டாவது வரியாக, 'பிறந்தநாள் வாழ்த்து, கிழவா' என்று சேர்த்துவிட்டாள்.

இன்று பார்த்தால் அன்றாட வரியைக் காணோம். ஒன்பதாவது வரியில் பிழை என்று ஆங்கிலத்தில் ஒரு முறைப்பு மட்டும்.

ஒன்பது என்றால் அவர் எழுதியதில் முதலாவது. ஜனவரி ஒன்று, அவள் இன்னும் பார்க்காதது. திருத்தலாம் என்று திறந்தால் கண் சும்மா இருக்குமா? மாடித் தொட்டிக்கு மோட்டாரைப் போட்டுவிட்டு, பக்கத்துப் போர்ஷன் கதவைத் தட்டினாள்.

அங்கே இருக்கும் இஷ்ரத்துக்கு மாத்தூர் கம்பெனி ஒன்றில் இந்தக் கறுப்புத் திரைகளோடுதான் மல்லுக்கட்டு. உருது மீடியத்தில் படித்தவள். ராயபுரத்துத் தமிழ் வாயில் கொட்டும். எழுத்து மட்டும் ஒன்றுகூடத் தெரியாது. பஸ்ஸைக்கூட நம்பர் பார்த்துத்தான் ஏறுவாள்.

"இன்னா ஆன்ட்டி, காலங்காத்தால பேஜாரு?"

"வந்து உக்காரு. நீதான் இதுக்குச் சரியான ஆளு. உனக்குத்தான் தமிழ் படிக்க வராதே."

"அத்த இம்மாம் சந்தோஷமா சொன்ன மொத ஆளு நீதான்."

விஷயத்தைச் சொல்லிவிட்டு ஹில்டா சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். முதுகுக்குப் பின்னால் விசைகள் தட்டும் சத்தம்.

"ஒன்பது நல்லாத்தான் கீது. அடேயப்பா, ஒரு தேதில மட்டும் அங்கிள் நாலு வரி எழுதிக்கிறாரு!"

"எந்தத் தேதி?"

"சொல்லட்டுமா?"

"நாக்கை அறுத்துடுவேன்."

இஷ்ரத் சிரித்தாள். பிறகு காதைத் தீட்டிக்கொண்டு, "மழ வருதா இன்னா?" என்றாள்.

"அதெல்லாம் இல்ல. வேலையப் பாரு."

"பாத்துகினுதானே கீறேன். ஆன்ட்டி, ஒவ்வொரு தேதியும் முடியற எடத்துல ரெண்டு செமிகோலன் போடணும். அங்கிள் ஒண்ணுலகூட வுடல. எட்டாவதுல மட்டும் காணோம்."

"எட்டுலயா? அது ஒன்பதுன்னுதானே சொல்லுது?"

"அது தடுக்கி வுழுந்த எடத்தத்தான் சொல்லும், கல்லு கெடந்த எடத்த சொல்லாது. எட்டாவது யாரு எழுதுனது?"



"போட்டுத் தொலை ரெண்டை."

"மொதல்ல அங்கிளாண்ட சாரி சொல்லு."

"கல்யாணம் ஆன நாள்லேருந்து சொன்னதில்ல," என்றவள், படத்தை ஓரக்கண்ணால் பார்த்து, "சரிய்யா, என் தப்புதான்," என்று முணுமுணுத்தாள்.

"கோப்ப மூடிட்டேன். திரும்பு. நீயே தொற."

கறுப்பு ஜன்னல் திறந்தது. முறைப்பு இல்லை. ஒற்றை வரி வந்து நின்றது.

'ஹில்டா, மோட்டார்.'

"இன்னா எழுதிக்கிறாரு?" என்றாள் இஷ்ரத்.

பதில் சொல்ல ஹில்டா அங்கே இல்லை. சன்ஷேடிலிருந்து தண்ணீர் அருவியாகக் கொட்டிக்கொண்டிருந்தது. கீழ் வீட்டு அடைக்கலமேரி, "காயப்போட்ட துணி எல்லாம் போச்சு!" என்று கத்த, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சுவிட்சை நோக்கி ஓடிய ஹில்டா, "நிறுத்தறேன், நிறுத்தறேன்!" என்றாள். அடைக்கலமேரிக்குச் சொன்ன பதில் மாதிரி இல்லை அது. சிரித்துக்கொண்டே ஓடினாள்.