ஐந்தரைக் கட்டை

மூன்றாவது முறையும் அதே இடத்தில்தான் ஆர்டெல்லாவின் குரல் உடைந்தது. விட்டுப் போனவனை வீட்டுக்குக் கூப்பிடுகிற பாட்டு அது. ‘வீட்டுக்கு’ என்ற சொல்லில் மெட்டு மேலே ஏறும். அவளும் ஏறினாள், பாதியில் மூச்சு முட்டியது, அதற்குப் பிறகு வந்தது குரலே இல்லை, ஒரு கிறீச்சல். ஊதிக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக நிறுத்திவிட்டுத் தங்கள் முன்னால் இருந்த இசைத்தாளை உற்றுப் பார்த்தார்கள். ட்ரம்பெட்காரன் ஒருவன் மட்டும் திரும்பி என்னைப் பார்த்தான். என்னைப் பார்த்து என்ன பிரயோஜனம்? நான் டிரம்ஸ் அடிக்கிறவன். என் கருவிக்குச் சுருதி கிடையாது. பேண்டில் எத்தனை இசைக்காரர்கள் என்று கேட்டால், பதிமூன்று பேர், அப்புறம் லெம் என்று சொல்லிச் சிரிப்பார்கள். அந்த லெம் நான்தான்.

ஸ்டூடியோக் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து லாஸ்கரின் குரல் ஒலிபெருக்கியில் வந்தது. ரெகார்டு கம்பெனிக்காரர்களில் அவர் தங்கமான மனிதர், கத்த மாட்டார். கொஞ்சம் ஓய்வெடுத்துக்கொள்ளலாம் என்றார். அவர் கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று எனக்குத் தோன்றியது. ஆர்டெல்லா, ஏரிக்காற்று என்றும் ஜலதோஷம் என்றும் ஜன்னலைத் திறந்துபோட்டுப் படுத்தது தப்பு என்றும் யாரும் கேட்காமலே எல்லோருக்கும் சொல்லிக்கொண்டு, தேனும் விஸ்கியும் கலந்த தேநீரைக் குடித்தாள். நாங்களும் ஆமாம் அக்கா, இந்த சிகாகோக் காற்று ஆளையே கொன்றுவிடும் என்று ஆமோதித்தோம். பியானோவில் உட்கார்ந்திருந்த க்ளியோஃபஸ் மட்டும் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆர்டெல்லா ப்ரூயிட் சிகாகோவில் எங்கள் தெற்குப் பக்கத்தில் இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாகப் பாடுகிறவள். பக்கத்துக்கு ஒரு பாட்டு வைத்த பழைய தட்டுகள் சில வந்தன. காசு போட்டால் பாடுகிற பெட்டிகளில் சுற்றிச் சுற்றி அவை தேய்ந்தும் போயின. முகத்தை அட்டையில் போட்டு, பத்துப் பாட்டு வைத்து, பின்னால் முழு ஸ்விங் பேண்டு முழங்க ஒரு நீண்ட இசைத்தட்டு மட்டும் வாய்க்கவே இல்லை. அவளுக்குப் பின்னால் வந்த சின்னப் பெண்களுக்கெல்லாம் வாய்த்தது. அவள் அதைப் பற்றிப் பேச மாட்டாள், ஆனால் அந்தத் தட்டுகள் விற்கிற கடையைத் தாண்டும்போது எதிர்ப்பக்கமாகப் பார்த்துக்கொண்டு நடப்பாள். இப்போதுதான் லாஸ்கரின் கம்பெனி சம்மதித்திருந்தது. ஒரே ஒரு நாள். அதற்கு மேல் தன்னால் முதலாளிகளிடம் கேட்க முடியாது என்று லாஸ்கர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். அட்டைக்குப் படமும் எடுத்தாகிவிட்டது. பச்சை உடையில், தலையைப் பின்னால் சாய்த்து, வாய் நிறையச் சிரிக்கிற படம்.

ஜலதோஷம் ஒரு மண்ணும் இல்லை. என்ன விஷயம் என்று அந்த அறையில் அவளைத் தவிர எல்லோருக்கும் தெரியும்.

இளவயதில் அவள் பாடியது ஐந்தரைக் கட்டையில். அதில் அவளுக்கு அப்படி ஒரு பெருமை. மேடையில் ஏறியதும், “யோவ் க்ளியோ, ஐந்தரை!” என்று கூட்டத்துக்குக் கேட்கிற மாதிரி சொல்வாள். எப்போதோ ஒரு குளிர்காலத்தில் அவள் மேல் ஸ்வரத்தைத் தொட முக்குவதைப் பார்த்துவிட்டு, க்ளியோஃபஸ் சத்தமில்லாமல் அரைக் கட்டை இறக்கி வாசித்தான். அன்று அவள் தேன் மாதிரி பாடினாள். சில வருஷம் கழித்து இன்னும் அரை, பிறகு இன்னும் அரை. எங்கள் தொழிலில் இதற்குத் துரோகம் என்று பெயர் இல்லை. வயதான பாடகிக்குப் பியானோக்காரன் செய்கிற மரியாதை இது, பாதி ஊரில் நடக்கிறது. இறக்குவான், சொல்ல மாட்டான். அவளுக்குத் தாள் படிக்கத் தெரியாது, பியானோவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பாள். பேஸ் வாசிக்கிற ஐசாயா, க்ளியோ போகிற வழியில் போவான். எனக்கோ சுருதியே கிடையாது. அவள் ஐந்தரை என்பாள், க்ளியோ தலையாட்டிவிட்டு நாலில் ஆரம்பிப்பான்.

வெளி ஆள் யாராவது சாக்ஸபோனைத் தூக்கிக்கொண்டு ஒரு பாட்டுக்கு மேடையேறினால் அதற்கும் வழி இருந்தது. க்ளியோ இடது கையைத் தொடைக்குப் பக்கத்தில் தொங்கவிட்டு விரலைத் தரையை நோக்கி நீட்டுவான். அந்தச் சுருதியில் எத்தனை கறுப்புக் கட்டை வருமோ அத்தனை விரல். நாலு விரல் என்றால் ஐந்தரைக் கட்டை. ஒரே விரல் என்றால் நாலு கட்டை. இந்த விரல் பாஷை ஊர் பூராவும் உள்ள வாசிப்பவர்களுக்குத் தெரியும். முன்னால் நிற்கிற பாடகிக்கு அது தேவைப்படுவதில்லை. நாற்பத்தேழாம் தெருவில் சாக்ஸபோன் வைத்திருந்த ஒவ்வொருவனும் அவள் முதுகுக்குப் பின்னால் அந்த ஒற்றை விரலைப் பார்த்திருக்கிறான்.

பேண்டுக்குத் தாள் எழுதிய வெண்டலை நான் குறை சொல்ல மாட்டேன். கெட்டிக்காரப் பையன், முறையாக அவள் வீட்டுக்கே போய்க் கேட்டான். பொரித்த கெளுத்தி மீன் போட்டிருக்கிறாள். எந்தச் சுருதி அக்கா என்றதும், இருபத்துநாலு வயதில் எதில் பாடினேனோ அதில்தான், மாற்றினால் என் பெயரையே மாற்றிக்கொள்கிறேன் என்றாளாம். வெண்டல் ஐந்தரை என்று குறித்துக்கொண்டான். அதே மேஜையில் உட்கார்ந்து க்ளியோஃபஸ் மீன் முள்ளை எடுத்துக்கொண்டிருந்தான்.

“என்னத்தச் சொல்றது லெம்மு?” என்றான் பிறகு என்னிடம். “அவ்ளோ சந்தோஷமா இருந்தா. பின்னாடி அத்தனை பேரு ஊதினா அவளே மேல ஏறிருவான்னு நெனச்சுக்கிட்டேன்.”

அப்படி அவன் நினைக்கவில்லை. நினைத்துக்கொள்ள ஆசைப்பட்டான், அவ்வளவுதான்.

இப்போது தேநீர் இடைவேளையில் வெண்டல் பியானோ ஓரமாக வந்து குனிந்தான். ப்ளூஸ் பாட்டுகள் இரண்டு மூன்றை எந்தச் சுருதியிலும் தாளே இல்லாமல் பேண்டுக்காரர்கள் ஊதித் தள்ளிவிடுவார்கள். மற்றவை அப்படி இல்லை, ஒருவன் குரலுக்குள் இன்னொருவன் குரல் பின்னி எழுதியது. பார்த்த மாத்திரத்தில் ஒன்றரைக் கட்டை இறக்கி வாசிக்கச் சொன்னால் சந்தைக் கூச்சலாகிவிடும். திருப்பி எழுத ஒரு வாரமாவது வேண்டும். நமக்கு இருப்பது சாயங்காலம் வரை. சரி, எழுதவே வேண்டாம், இறக்கலாம் என்றாலும் அதை அவளிடம் யார் போய்ச் சொல்வது?

அவள் கோப்பையை வைத்துவிட்டு வந்தாள். “யோவ் க்ளியோ, இவங்க எல்லாரும் சும்மா இருக்கட்டும். கிளப்புல வாசிக்கிற மாதிரி நீ ஒருத்தன் வாசி. எனக்குப் பாட்டு கைக்கு வந்துரும்.”

க்ளியோ தாளில் இருக்கிற ஐந்தரையில் வாசித்தால் அவள் மறுபடி உடைவாள். கிளப்பில் வாசிக்கிற நாலில் வாசித்தால் காது உள்ளவன் எல்லோருக்கும் வெட்டவெளிச்சம். அவன் கை கொஞ்ச நேரம் கட்டைகளுக்கு மேலே அப்படியே நின்றது. அப்புறம் இறங்கியது. நாலு.

அவள் பாடினாள். கண்ணை மூடிக்கொண்டு, ஒலிவாங்கியைக்கூடப் பார்க்காமல். ‘வீட்டுக்கு’ என்ற சொல் வந்தபோது குரல் ஒரு சிரமமும் இல்லாமல் ஏறி உட்கார்ந்தது, அங்கிருந்து இறங்க மனசில்லாமல் இறங்கியது. அவளோடு எத்தனையோ வருஷம் வாசித்திருக்கிறேன், அப்படி அவள் பாடிக் கேட்டதில்லை. டிராம்போன்காரர் ஒருவர், தலை நரைத்தவர், மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்ணாடிக்குப் பின்னால் லாஸ்கர் எழுந்து நின்றிருந்தார். அந்த நேரம் ஒலிப்பதிவு நாடா ஓடவில்லை என்பதை நான் பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன்.

“பாத்தீங்களா? தொண்டையில ஒண்ணுமில்ல,” என்று அவள் எங்கள் பக்கம் திரும்பிச் சிரித்தாள். அட்டைப் படத்தில் இருந்த அதே சிரிப்பு. “இப்ப எல்லாரும் சேந்து. விடுங்க.”

வெண்டல் கையைத் தூக்கினான். வேறென்ன செய்வான்? நான் எண்ணிக் கொடுத்தேன், பேண்டு ஆரம்பித்தது.

பியானோ விட்ட இடத்திலிருந்து ஒன்றரைக் கட்டை மேலே. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரிந்துவிடும். நான் அவள் முதுகுக்கு நேர் பின்னால் இருந்தேன். சிரித்துக்கொண்டே திரும்பியவளின் தோள்கள் முன்னிசையின் இரண்டாவது வரியில் இறுகின. தலை கொஞ்சம் சாய்ந்தது. ஒருமுறை பியானோ பக்கம் பார்க்கப்போனவள் பார்க்கவில்லை. இத்தனை வருஷமாக நாங்கள் செய்தது முழுவதும் அவளுக்கு அந்த நேரத்திற்குள் விளங்கியிருக்க வேண்டும். எனக்கு எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது, ஆனால் கை அடித்துக்கொண்டே இருந்தது. அது நின்றால் எல்லாம் நின்றுவிடும்.

அவள் பாட ஆரம்பித்தாள். மெட்டைப் பிடித்துப் பாடவில்லை, அதற்குக் கீழேயே நடந்தாள். பாதி பேசினாள், பாதி முனகினாள். ‘வீட்டுக்கு’ வர வேண்டிய இடத்தில் வாயை மூடிக்கொண்டாள். ட்ரம்பெட்டுகள் அவளுக்காக ஒதுக்கி வைத்திருந்த அந்த இடைவெளியில் யாருமே இல்லை, டிரம்மின் தோல் மேல் என் பிரஷ் உரசுகிற சத்தம் மட்டும். பிறகு அவள் அடுத்த வரிக்குப் போய்விட்டாள்.

ஒலிபெருக்கியில் லாஸ்கரின் குரல் வந்தது. “மிஸ் ப்ரூயிட், அந்த இடத்துல பாடாம விட்டீங்களே, அதுதான் பாட்டே. அதை மாத்திராதீங்க.” மனிதர் மனதாரத்தான் சொன்னார். மிச்சப் பாட்டுகளையும் அவள் அப்படியே பாடி முடித்தாள். ஏற வேண்டிய இடத்தில் எல்லாம் ஏறாமல், சுற்றிக்கொண்டு போனாள். சாயங்காலம் நாடாப் பெட்டியை மூடும்போது பேண்டுக்காரர்கள் எல்லோரும் கை தட்டினார்கள். அவள் தன் கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

வழக்கமாக க்ளியோவின் காரில்தான் வீட்டுக்குப் போவாள். அன்று என் காரின் முன்கதவைத் திறந்து உட்கார்ந்துகொண்டாள், பின்னால் என் டிரம்ஸ் எல்லாம் அடைந்து கிடந்தன. க்ளியோஃபஸ் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நடைபாதையிலேயே நின்றான். நான் வண்டியை எடுத்தேன். பாதித் தூரம் போனதும் அவள் கேட்டாள்.

“அந்த விரல் சமாச்சாரம் என்னடா? சாக்ஸபோன்காரனுங்க குனிஞ்சு குனிஞ்சு பாப்பானுங்களே.”

மழுப்பிப் பார்த்தேன். அவள் விடவில்லை. சொன்னேன்.

“என் பாட்டுக்கு எத்தன?”

“முன்னாடி நாலு, அக்கா.”

“இப்ப?”

சிக்னலில் வண்டி நின்றது. பச்சை விழுந்தும் நான் எடுக்கவில்லை. பின்னால் ஒருவன் ஹாரன் அடித்தான்.

“ஒண்ணு,” என்றேன்.

அவள் தன் கையுறையைக் கழற்றி, மடியில் வைத்து, அதைத் தடவித் தடவி நேராக்கிக்கொண்டே வந்தாள். வீட்டு வாசலில் இறங்கும்போது, “உங்களுக்கெல்லாம் நான் அவ்ளோ பாவமாப் போயிட்டேனா லெம்மு?” என்று கேட்டாள். கோபமாகக் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்ட மாதிரி இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம், சர்ச் முடிந்து வருகிறவர்களுக்காகக் கிளப்பில் நாங்கள் வாசிப்பது வழக்கம். அவள் வர மாட்டாள் என்றுதான் நினைத்தோம். பச்சை உடையில் வந்தாள். எங்கள் எல்லோருக்கும் வணக்கம் சொன்னாள், க்ளியோவுக்கும் சேர்த்து. பிறகு ஒலிவாங்கியின் கம்பத்தைத் தானே தூக்கிக்கொண்டு வந்து பியானோவின் பக்கவாட்டில் நிறுத்தினாள். அங்கிருந்து பார்த்தால் க்ளியோவின் இரண்டு கைகளும் தெரியும். கூட்டத்துக்கு இது புரியவில்லை, கோழி வறுவலைத் தின்றுகொண்டே கை தட்டினார்கள்.

டெட்ராய்ட்டிலிருந்து வந்த ஒரு பையன் சாக்ஸபோனோடு மேடையேறினான். நல்ல நேரம் பார்த்து வந்தான். பெரியவர்களிடம் கேட்கிற மரியாதையோடு க்ளியோவின் தொடைப் பக்கம் குனிந்து பார்த்தான். பழக்கதோஷத்தில் க்ளியோவின் இடது கை கீழே போயிற்று. போன பிறகுதான் அவனுக்கு உறைத்தது. கை அங்கேயே நின்றுவிட்டது, விரல்களை மடக்கிய முஷ்டியாக. விரிக்கவும் இல்லை, மேலே எடுக்கவும் இல்லை. ஆர்டெல்லா அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். அந்த முகத்தை நான் இன்னொரு முறை பார்க்க விரும்பவில்லை.

அப்போது பச்சை உடையின் ஓரமாக அவளுடைய கை இறங்கியது. சாக்ஸபோன்காரப் பையனுக்கு நன்றாகத் தெரிகிற மாதிரி, தரையை நோக்கி நான்கு விரல்களை விரித்தாள். ஐந்தரைக் கட்டை.

க்ளியோஃபஸ் மெல்லத் தலையை ஆட்டினான், வேண்டாம் என்று. அவள் கையை எடுக்கவில்லை. பையன் தலையசைத்துவிட்டுச் சாக்ஸபோனை வாயில் வைத்தான். மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள், நான் எண்ணிக் கொடுத்தால்தான் பாட்டு ஆரம்பிக்கும். என் கையில் இருந்தது வேகம் ஒன்றுதான். எவ்வளவு மெதுவாக முடியுமோ அவ்வளவு மெதுவாக, குச்சியோடு குச்சியைத் தட்டி, நான் எண்ண ஆரம்பித்தேன்.