எல்லம்மாள் சொன்ன பெயர்

ஐம்பத்தெட்டாம் வருஷம் ஐப்பசியில் மானாம்பதி ஏரி தளும்ப நிரம்பிவிட்டது. ஏரிக்குக் கீழே இருந்த கழனிகளில் எல்லாம் வானம் வந்து படுத்துக்கொண்டது. சேறடித்துச் சமமாக்கிய கழனியில் கணுக்கால் தண்ணீர் நின்றால் அப்படித்தான், மேகம் காலடியில் நகரும். பெண்கள் வரிசையாகக் குனிந்து, பின்பக்கமாகவே நகர்ந்து, அந்த மேகத்தில் நாற்றைக் குத்திக்கொண்டு போவார்கள். முன்னால் பச்சை வளர்ந்துகொண்டே போகும். பின்னால் என்ன இருக்கிறது என்பதைக் கால்தான் பார்த்துக்கொள்ளும். தூறுகிறதா இல்லையா என்றே புரியாத அந்த நாட்களில், பேச்சுச் சத்தம்கூட எங்கிருந்தோ மிதந்து வருகிறாற்போல இருக்கும்.

சிட்டம்மாளின் சத்தம் மட்டும் மிதந்தெல்லாம் வராது. நேராக வந்து காதில் அறையும். பண்ணைக்காரர் பச்சமுத்துவின் கழனிக்குப் பதினோரு பெண்களை நடவுக்குக் கூட்டி வருகிறவள் அவள்தான். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது, வாய்க்கு மட்டும் வயதாகவில்லை. அவள் வரப்பில் நின்று "ஏண்டி" என்று ஒரு குரல் கொடுத்தால் பெருநகர் பஸ்ஸில் போகிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள் என்று கூட நடுகிற பாக்கியமேரி சொல்வாள். பாக்கியமேரி எதையும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வாள். இதில் அவ்வளவாகக் கூட்டவில்லை.

அந்தச் சிட்டம்மாளுக்குப் பதினைந்து நாளாக எல்லம்மாள் மேல் எரிச்சல்.

எல்லம்மாளுக்கு இருபத்திரண்டு வயது. பண்ணையில் வண்டி ஓட்டும் வேதகிரியின் பெண்டாட்டி. போன வருஷம் அவள் கை வேகத்துக்கு யாரும் ஈடு கொடுக்க முடியவில்லை. வாயும் அப்படித்தான், சிட்டம்மாளையே மடக்கிக் கேலி பேசிவிட்டு ஓடுவாள். இப்போது பெண் குழந்தை பிறந்து நாலு மாதம். வரப்போரத்துப் புங்கமரத்தில் தூளி கட்டிப் பிள்ளையைப் போட்டுவிட்டு நடவுக்கு இறங்குகிறாள். இறங்குகிறாளே தவிர, ஆள் வேலையில் இல்லை. நாற்று முடியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நிற்கிறாள். பொழுது ஏறியதும் எல்லோரும் கரையேறிக் கேழ்வரகுக் கூழைக் கரைத்துக் குடித்தால், அவள் தன் பங்கைப் பக்கத்தில் குடிக்கிற ஜெயம்மாளிடம் நகர்த்திவிடுகிறாள். தலை எண்ணெய் கண்டு எத்தனை நாளோ. பிள்ளை தூளியில் வீறிட்டுக் கத்தும். ஊருக்கே கேட்கும். பெற்றவள் மட்டும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

"மகாராணிக்கு இன்னா யோசன? கனா கண்டுக்கினு கீறியா?" என்று சிட்டம்மாள் கத்துவாள்.

"இல்லேக்கா" என்பாள் எல்லம்மாள். அவ்வளவுதான். எதிர்த்து ஒரு வார்த்தை கிடையாது. அது சிட்டம்மாளுக்கு இன்னும் எரிந்தது. பிள்ளை பெற்றதும் திமிர் வந்துவிட்டது என்று முடிவு கட்டினாள். சரி, ஒரு நாள் சிறை வைத்தால் திமிர் இறங்கிவிடும் என்றும் முடிவு கட்டினாள்.

நடவில் சிறை வைப்பது அந்தப் பெண்களின் பழைய விளையாட்டு. ஒருத்தி பின்தங்கினால் அவளைச் சுற்றி நாலு பக்கமும் மற்றவர்கள் நட்டு அடைத்துவிடுவார்கள். கால் வைத்தால் நாற்று மிதிபடும், நாற்றை மிதிப்பது பெரிய குற்றம். நடுவில் பாய் அகலத் தண்ணீரில் அவள் மாட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். வெளியே வர ஒரே வழிதான் உண்டு. புருஷன் பெயரை எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொன்னால் வழி திறந்து விடுவார்கள். புருஷன் பெயரைச் சொல்ல எந்தப் பெண்ணுக்கு வாய் வரும்? முகத்தை மூடிக்கொள்வார்கள், கெஞ்சுவார்கள், "அந்த ஆளு", "எங்கூட்டுக்காரு" என்று சுற்றி வளைப்பார்கள். பாக்கியமேரி ஒரு தடவை இருட்டுகிற வரைக்கும் நின்றாளே தவிர, தானியேல் என்ற நாலு எழுத்து அவள் வாயிலிருந்து வரவேயில்லை. கழனி முழுக்கச் சிரிப்பாய்ச் சிரித்தது.

அன்று சிட்டம்மாள் கண்ணைக் காட்டினாள். பத்துப் பெண்களும் சிரிப்பை அடக்கிக்கொண்டு மளமளவென்று நட்டார்கள். எல்லம்மாள் தலை நிமிர்ந்தபோது சுற்றிலும் பச்சை வேலி நின்றது. அவள் நின்ற இடத்தில் மட்டும் வானம் ஒரு துண்டு மிச்சமிருந்தது.

"மாட்டிக்கினியா! பேரச் சொல்லுடி, வுட்டுடறோம்" என்றாள் ஜெயம்மாள்.

"வேதகிரி" என்றாள் எல்லம்மாள்.

தயங்கவில்லை, முகம் சிவக்கவில்லை, முந்தானை வாய்க்குப் போகவில்லை. யாரோ வழிப்போக்கன் பெயரைக் கேட்டதற்குச் சொல்வது போலச் சொன்னாள். இரண்டு பேர் பழக்கத்தில் சிரித்துவிட்டார்கள். பிறகு அந்தச் சிரிப்பும் நின்றுவிட்டது. ஜெயம்மாள் குனிந்து நாலு நாற்றைப் பிடுங்கி வழி விட்டாள். எல்லம்மாள் வரவில்லை. வழி இருப்பதே கண்ணில் படாதவளாக, இருந்த இடத்திலேயே மெல்லத் தண்ணீரில் உட்கார்ந்தாள். மேகம் அவளைச் சுற்றி நகர்ந்தது.

ஐயோ, இது திமிரில்லை என்று அந்த நிமிஷத்தில் சிட்டம்மாளுக்குத் தெரிந்துவிட்டது. வெட்கப்படுவதற்குக்கூட ஒருத்தி உள்ளே இருக்க வேண்டுமே, அந்த ஒருத்தியைக் காணோமே என்று பதறினாள். பதினைந்து நாளாக இதைப் பார்த்துக்கொண்டே ஏசிக்கொண்டிருந்தோமே என்று தன் மேலேயே கோபம் பொத்துக்கொண்டு வந்தது. திறந்த வழி அந்தப் பக்கம் இருந்தது. அவள் சுற்றிக்கொண்டு போகவில்லை, நாற்றை மிதித்துக்கொண்டு நேராக நடந்தாள்.

வரப்பில் நின்ற பச்சமுத்து கூவினார். "ஏய் சிட்டம்மா! நட்ட நாத்த மிதிக்கிறியே, கண்ணு அவிஞ்சி பூட்டுதா?"

"நாத்து மறுபடி நட்டுக்கலாம், ஆண்டே! நீங்க போயி நெழல்ல குந்துங்க!"

பண்ணை ஆள் ஒருத்தி தம்மிடம் இப்படிப் பேசியதை அவர் நம்புவதற்கே கொஞ்ச நேரம் ஆனது.

சிட்டம்மாள் எல்லம்மாளின் பக்கத்தில் தண்ணீரிலேயே உட்கார்ந்தாள். அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"இன்னாடி செய்யுது உனக்கு? நான் திட்ட மாட்டேன், சொல்லு."

எல்லம்மாள் தண்ணீரைப் பார்த்தபடியே பேசினாள். "எல்லாம் தண்ணிக்கு அந்தாண்ட கீற மாரி கீதுக்கா. நீங்க பேசறது கேக்குது. பாப்பா அழுவறது கேக்குது. ஆனா என் பாப்பான்னு தோணல. யாரோ பெத்த பாப்பா, எங்கியோ அழுவுது."

"தூக்கம் வருதா?"

"கண்ண மூடனா வரல. முழிச்சிக்கினு கீறப்போ தூங்கற மாரியே கீது."

சிட்டம்மாள் அந்தக் கேள்வியைக் கேட்கப் பயந்தாள். கேட்டால் இல்லாத நினைப்பை நாமே ஊட்டிவிடுவோமோ என்று யோசித்தாள். ஆனாலும் கேட்டாள்.

"செத்துப் பூடலாம்னு தோணுதாடி?"

எல்லம்மாள் முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்தாள். "ஏரி மதகாண்ட போயி நிப்பேன். தண்ணி சுத்திக்கினு உள்ள போறத பாத்துக்கினே இருப்பேன். அதோட பூட்டா தேவலன்னு தோணுது. யாரும் கேக்கல, அதான் சொல்லல."

யாராவது கேட்பதற்காகவே அவள் காத்திருந்திருக்கிறாள் என்று சிட்டம்மாளுக்குப் புரிந்தது. "சரி, சொல்லிட்டே இல்ல, போதும். இனிமே நீ தனியா இருக்க மாட்டே" என்றாள். புத்தி எதுவும் சொல்லவில்லை. பிள்ளை முகத்தைப் பாரு, தைரியமாயிரு என்றெல்லாம் ஆரம்பித்த ஜெயம்மாளை ஒரு பார்வையில் அடக்கினாள். பாக்கியமேரி தூளியிலிருந்த குழந்தையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள்.

சாயங்காலம் சிட்டம்மாள் வேதகிரியின் வீட்டுக்குப் போனாள். அவன் மாட்டுக்கு வைக்கோல் உதறிக்கொண்டிருந்தான்.

"கன்னு போட்ட மாடு ஒரு வேள தீனி எடுக்கலன்னா அதும்பக்கத்துலயே குந்திக்கினு இருப்பியே. பொண்டாட்டி பதினஞ்சி நாளா கூழு குடிக்கல. அது உன் கண்ணுல படலியா?"

சண்டைக்கு வருவான் என்று எதிர்பார்த்தாள். அவன் வைக்கோலைக் கீழே போட்டான்.

"பட்டுதுக்கா. இன்னா பண்றதுன்னுதான் தெரியல. கேட்டா அழுவுறா. கேக்காம வுட்டா அது இன்னும் பயமா கீது. யாருகிட்ட சொன்னாலும் பைத்தியம்னு பேரு வச்சிடுவாங்க. அதான் கம்முனு இருந்துட்டேன்."

சிட்டம்மாள் திட்டுவதற்கு எடுத்து வந்ததையெல்லாம் அங்கேயே விட்டுவிட்டாள். "ரெண்டு பேரும் பயந்துக்கினு ஆளுக்கொரு மூலையில குந்தியிருக்கீங்க" என்றாள். "அவ எங்க போனாலும் கூட ஒரு ஆளு இருக்கணும். நீ இல்லாதப்போ நாங்க இருக்கோம். நாளைக்கி வண்டியப் பூட்டு, உத்திரமேரூரு டாக்டரம்மாகிட்ட போவலாம்."

உத்திரமேரூரில் அந்த டாக்டரம்மா எல்லம்மாளிடம் நிதானமாகப் பேசினார். வெளியே வந்து மற்றவர்களிடம் சொன்னார். பிள்ளை பெற்ற சில பேருக்கு இப்படி வருவதுண்டு, இது பைத்தியமும் இல்லை, சோம்பலும் இல்லை, உடம்புக்கு வருவது போல மனசுக்கு வந்த நோவு. தூக்கத்துக்கு மருந்து தருகிறேன், ராத்திரியில் பிள்ளையை வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும், தனியே விடாதீர்கள், பதினைந்து நாளுக்கொரு முறை கூட்டி வாருங்கள். சரியாகிவிடும், ஆனால் சீக்கிரம் சரியாகு என்று அவளை அவசரப்படுத்தாதீர்கள்.

"நெறைய பேருக்கு வருமாம்மா?" என்று சிட்டம்மாள் கேட்டாள். "வரும்" என்றார் டாக்டரம்மா. வேதகிரி வண்டியைக் கட்டிவிட்டுக் கூப்பிட்டான். சிட்டம்மாள் காதில் விழவில்லை. மூன்றாம் தடவை கூப்பிட்ட பிறகுதான் வந்து ஏறினாள், வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை. சிட்டம்மாள் பேசாமல் வந்த ஒரே வண்டிப் பயணம் அதுதான் என்று வேதகிரி பின்னால் சொல்லிச் சொல்லிச் சிரித்தான்.

மறுநாளிலிருந்து வரிசை மாறியது. எல்லம்மாளுக்கு இந்தப் பக்கம் சிட்டம்மாள், அந்தப் பக்கம் பாக்கியமேரி. இரண்டு பேரும் ஆளுக்குக் கொஞ்சம் கையை நீட்டி நட்டார்கள். நடுவில் எல்லம்மாளுக்கு ஒரு சாண் அகலம்தான் மிஞ்சியது. பச்சமுத்து கவனித்தாரோ இல்லையோ, ஒன்றும் கேட்கவில்லை. ராத்திரிக் காவலுக்கு ஜெயம்மாளின் பாய் வேதகிரியின் வீட்டுக்குப் போயிற்று. தினமும் கழனியில் கால் வைத்ததும் சிட்டம்மாள் கேட்பாள், "இன்னிக்கி எப்டி கீறே?"

"அப்டியேதான் கீது" என்பாள் அவள்.

"சரி" என்பாள் சிட்டம்மாள். அதற்கு மேல் நோண்டமாட்டாள். இவ்வளவு பொறுமை தனக்குள் எங்கே இருந்தது என்று அவளுக்கே ஆச்சரியம்.

நடவு முடிந்தது. கார்த்திகை மழையில் பயிர் கருகருவென்று கிளம்பியது, தண்ணீரில் கிடந்த வானத்தைப் பச்சை மூடிக்கொண்டே வந்தது. ஒரு நாள் எல்லம்மாள் கூழில் உப்பு குறைச்சல் என்றாள். அதைக் கேட்டு மூன்று பெண்கள் ஒரே நேரத்தில் உப்புக்குக் கை நீட்டினார்கள். இன்னொரு நாள் தூளியில் பிள்ளை சிணுங்கியதும் அவளாகவே கரையேறிப் போனாள், எடுத்து மாரோடு வைத்துக்கொண்டு வெகுநேரம் அதன் உச்சந்தலையை முகர்ந்தாள். நடுவில் இரண்டு நாள் மறுபடி பழையபடி ஆகி எழுந்திருக்கவே மாட்டேன் என்று படுத்துவிட்டாள். சிட்டம்மாள் அவள் பக்கத்திலேயே போய்ப் படுத்துக்கொண்டு முகட்டைப் பார்த்துக் கிடந்தாள்.

களை எடுக்கும் நாளில், மற்றவர்கள் கரையேறிய பிறகு, எல்லம்மாள் கேட்டாள்.

"அக்கா, அன்னிக்கி சிறையில வந்து குந்தினியே. உனக்கு எப்டித் தெரிஞ்சுது?"

சிட்டம்மாள் களையை வேரோடு அலசிக்கொண்டே சொன்னாள். "எனக்கு ரெண்டாவது பொறந்தப்போ இப்டித்தான் ஆச்சு. ஒரு வருசம். சோறு மண்ணு மாரி இருக்கும். புள்ளயப் பாத்தா பயமா இருக்கும். அன்னிக்கி அந்த டாக்டரம்மா சொல்றவரைக்கும் நான் மட்டுந்தான் கெட்ட பொம்பளன்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

"அப்போ யாரு உன்னக் கேட்டாங்க?"

"யாரு கேப்பாங்க? யாரும் கேக்கல. நானே எழுந்து நடந்தேன். சத்தமா பேசனா உள்ள கீறது கேக்காதுன்னு சத்தமா பேச ஆரம்பிச்சேன். அதுவே பழகிப் பூட்டுது."

"எத்தினி வருசமாச்சு?"

"பதினெட்டு."

எல்லம்மாள் கையிலிருந்த களையைப் போட்டாள். சேற்றுக் கையோடு சிட்டம்மாளின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"நான் கேக்கறேங்க்கா. சொல்லு. அப்போ எப்டி இருந்தே?"

சிட்டம்மாள் ஏதோ கேலியாகச் சொல்ல வாயெடுத்தாள். வரவில்லை. பதினெட்டு வருஷத்து அழுகைதான் வந்தது. பயிருக்கு நடுவே அப்படியே உட்கார்ந்து, சின்னப் பெண் மாதிரி ஓவென்று அழுதாள்.

வரப்பிலிருந்து பாக்கியமேரி கூப்பிட்டாள். "இன்னாடி ரெண்டு பேரும் அங்கியே நின்னுட்டீங்க? கூழு குடிக்க வரலியா?"

"நீங்க குடிங்கடி" என்று எல்லம்மாள் சத்தமாகச் சொன்னாள். "அக்கா இப்பத்தான் பேச ஆரம்பிச்சி கீது."