போலீசில் திருடன் வேலை

கான்ஸ்டபிள் கொளஞ்சிக்கு நாய்ப்படை மேல் ஆசை வந்தது எழுபத்தெட்டாம் வருஷம். அரியலூர்ப் பக்கம் நடந்த ஒரு கொலைக் கேசுக்காகத் திருச்சியிலிருந்து ஓர் அல்சேஷன் நாய் ஜீப்பில் வந்து இறங்கியது. இன்ஸ்பெக்டரே நாற்காலியை விட்டு எழுந்து அதற்கு வழி விட்டார். நாயைப் பிடித்துக்கொண்டு வந்தவனும் தன்னைப் போல ஒரு கான்ஸ்டபிள்தான் என்பதைக் கொளஞ்சி கவனித்தான். அன்று அவனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் சப்-இன்ஸ்பெக்டரிடம் போய் நின்றான். அவர் பெயர் ஆண்டவர்.

"சிபாரிசு பண்றேன்யா. ஆனா நாயைப் பத்தி உனக்கு என்ன தெரியும்? முதல்ல ஒரு நாயைப் பழக்கிக் காட்டு. அப்புறம் பாக்கலாம்."

கறிக்கடைக்குப் பின்னால் படுத்துக்கிடந்த ஒரு செவலை நாயைக் கொளஞ்சி கயிறு போட்டு வீட்டுக்கு இழுத்து வந்தான். 'மேஜர்' என்று பெயர் வைத்தான்.

"நீங்களே கான்ஸ்டபிளு. அது மேஜரா?" என்றாள் அவன் மனைவி ராசாத்தி. "அப்ப வூட்டுல யாரு யாருக்கு சல்யூட் அடிக்கிறது?"

'சிட்' என்றால் மேஜர் எழுந்து நின்றது. 'ஸ்டே' என்றால் கிளம்பிப் போனது. ஆனால் மோப்பத்தைக் குறை சொல்ல முடியாது. தெருக்கோடியில் யாராவது கருவாடு சுட்டால் இங்கே கயிற்றை அறுத்தது. அதை வைத்துத் திருடனைக் கண்டுபிடிக்கப் பழக்கலாம் என்று கொளஞ்சி முடிவு செய்தான். அதற்கு ஒரு திருடன் வேண்டும். தெருவில் ஒருவரும் ஒத்துக்கொள்ளவில்லை. விளையாட்டுக்குச் செய்தாலும் பேர் ஒட்டிக்கொள்ளும் என்று பயந்தார்கள்.

கடைசியில் கல்லங்குறிச்சி அங்கமுத்துவைத் தேடிப் போனான். அங்கமுத்து கோழித் திருடன். கொளஞ்சியே அவனை இரண்டு தடவை பிடித்திருக்கிறான். முழங்கால் வலியால் தொழிலை விட்டுவிட்டுச் சும்மா இருந்த அங்கமுத்து, விஷயத்தைக் கேட்டு முழங்காலை நீட்டி மடக்கிப் பார்த்தான்.

"செய்யலாங்க சார். ஆனா சும்மா ஓடுன்னா எனக்குக் கால் வராது. எதையாச்சும் எடுத்தாத்தான் ஓட்டம் வரும்."

எனவே தினமும் காலையில் அங்கமுத்து கொளஞ்சி வீட்டுக்கு வந்து ஒரு பாத்திரத்தைத் திருடினான். முதல் நாள் ராசாத்தி ஒரு சொம்பை எடுத்து நீட்டினாள். அங்கமுத்துவுக்கு முகம் சுருங்கிவிட்டது.

"நீங்களா குடுத்தா அது திருட்டு இல்லம்மா. அந்தாண்ட திரும்பி நில்லுங்க."

ராசாத்தி திரும்பி நின்றாள். அவன் சொம்பை எடுத்துக்கொண்டு, தோள் துண்டை வாசலில் போட்டுவிட்டு, முந்திரிக்காட்டுக்கு ஓடிப் படுத்துக்கொண்டான். கொளஞ்சி துண்டை மேஜரின் மூக்கில் வைத்தான். நாய் நேராக முந்திரிக்காட்டுக்குப் போனது. பிடிபட்டதும் அங்கமுத்து மடியிலிருந்து ஒரு துண்டு கருவாட்டை எடுத்து அதற்குக் கொடுத்தான். அதன் பிறகு மேஜருக்கு உலகத்தில் அங்கமுத்துவைத் தவிர வேறு மனிதர் இல்லை.

சில நாள் அவன் சோற்றுப் பானையை எடுத்துப் போய்விடுவான். ராசாத்தி கொல்லையில் நின்று காட்டைப் பார்த்துக் கத்துவாள்: "அண்ணே, புள்ளைக்குப் பள்ளிக்கூடத்துக்கு நேரமாவுது, சீக்கிரம் புடிபடுங்க!"

இரண்டு மாதம் கழித்துத் திருச்சியிலிருந்து நாய்ப்படை டி.எஸ்.பி. மேஜரைச் சோதித்துப் பார்க்க வந்தார். மைதானத்தில் கான்ஸ்டபிள்களை வரிசையாக நிற்க வைத்து, ஒருவன் பையில் தன் பேனாவை மறைத்தார். பிறகு தன் கைக்குட்டையை நாயிடம் நீட்டினார். துணி என்றாலே மேஜருக்கு அங்கமுத்துதான். அது கான்ஸ்டபிள்களை ஏறெடுத்தும் பார்க்காமல் மைதானத்தை விட்டு வெளியே பாய்ந்தது. கயிற்றின் மறுமுனையில் கொளஞ்சியும் பாய்ந்தான்.

கடைத்தெரு, ரயில்வே கேட், புளியமரச் சாலை என்று நாய் ஓடியது. டி.எஸ்.பி.யும் ஆண்டவரும் ஜீப்பில் பின்னால் வந்தார்கள்.

"எங்கய்யா போவுது?" என்று டி.எஸ்.பி. கத்தினார்.

"அதான் தெரியலைங்க ஐயா," என்று கொளஞ்சி மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னான். அவனுக்குத் தெரியும். அன்று அங்கமுத்து மகள் சின்னம்மாளுக்குக் கல்லங்குறிச்சிக் கோயிலுக்கு எதிரே மண்டபத்தில் கல்யாணம். தடுக்கி விழுந்து ஒரு முழங்கால் சிராய்ந்து ரத்தம் வந்தும் கயிற்றை விடாமல் ஓடினான்.

தாலி கட்டும் நேரம். நாய் பந்திப் பாயைத் தாண்டி, மேளக்காரரைத் தாண்டி, மணமேடையில் நின்ற பெண்ணின் அப்பன் காலடியில் போய் உட்கார்ந்து குரைத்தது. பின்னால் ஜீப் வந்து நின்றது. அங்கமுத்து பழக்கதோஷத்தில் இரண்டு கையையும் தூக்கிவிட்டான்.

"சார், இன்னைக்கு நான் எதையும் எடுக்கலைங்க. இன்னைக்கு லீவு சொல்லியிருந்தேனே!"

மேளம் நின்றது. மாப்பிள்ளையின் அப்பா எழுந்தார்.

"என்னங்க சம்மந்தி, போலீஸ்ல வேலை பாக்குறேன்னு சொன்னீங்க?"

எல்லோரும் கொளஞ்சியைப் பார்த்தார்கள். மாலையோடு நின்ற சின்னம்மாளும் பார்த்தாள். கொளஞ்சிக்குப் பொய் சொல்லவும் வரவில்லை, அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்து மழுப்பவும் வரவில்லை.

"வேலை பாக்குறாருங்க. எங்ககிட்டதான். திருடனா வேலை பாக்குறாரு."

"திருடனாவா?"

"ஆமாங்க. தினம் காலைல வந்து திருடிட்டு ஓடுவாரு. நாய் புடிக்கும். ஒரு நாள் கூட லேட்டா வந்ததில்ல."

மாப்பிள்ளையின் அப்பா தாடையைத் தடவினார். பிறகு ஜீப்பிலிருந்து இறங்கிய டி.எஸ்.பி.யிடம் போய்க் கும்பிட்டார்.

"இந்தத் திருடன் வேலை நிரந்தரங்களா? பென்ஷன் உண்டுங்களா?"

டி.எஸ்.பி. நாயைப் பார்த்தார். இன்னும் கையைத் தூக்கியபடியே நின்ற அங்கமுத்துவைப் பார்த்தார். பெண்ணைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"அதெல்லாம் பரிசீலனையில இருக்கு."

"கவர்மெண்டு வேலைன்னா அப்படித்தான் இழுக்கும்," என்றார் மாப்பிள்ளையின் அப்பா, திருப்தியாக. "கெட்டிமேளம்!"

பந்தியில் டி.எஸ்.பி. இரண்டு தரம் பாயசம் வாங்கிக்கொண்டார். கை கழுவும்போது கொளஞ்சியைக் கூப்பிட்டார்.

"உன் நாய் எதுக்கும் உதவாது. சொன்னதை விட்டுட்டுத் தனக்குப் புடிச்ச இடத்துக்குப் போவுது."

"ஆமாங்க ஐயா."

"ஆனா நீ கயித்தை விடலை. எங்கிட்ட இருக்குறவன் பாதிப்பேரு ரயில்வே கேட்லயே விட்டிருப்பான்."

அடுத்த மாதமே கொளஞ்சிக்குத் திருச்சிக்கு மாற்றல் வந்தது. மேஜரை அங்கமுத்து வீட்டில் விட்டான். அது அவனைத் திரும்பிப் பார்க்கக்கூட இல்லை. பஸ் ஏறும்வரை கொளஞ்சிதான் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனான்.

திருச்சியில் அவனிடம் ஒரு கறுப்பு அல்சேஷனைக் கொடுத்தார்கள். கொளஞ்சி பழைய பழக்கத்தில் கயிற்றைக் கையில் இறுக்கிச் சுற்றிக்கொண்டு, காலை அகட்டி ஊன்றி நின்று, "சிட்" என்றான்.

நாய் உட்கார்ந்தது.

கொளஞ்சி சுற்றுமுற்றும் பார்த்தான். அடுத்து என்ன செய்வதென்று அவனுக்குத் தெரியவில்லை.